நைட் டூட்டியின் வரலாறு: செவிலியருக்கு எத்தனை மணி நேரம் வேலை?

விடியற்காலை நாலு மணிக்கு ஊரே தூங்கும்போது, தூங்கக் கூடாது என்று சம்பளம் வாங்குகிறவர்கள் சிலர் உண்டு. ரயில் ஓட்டுபவர், விமானம் ஓட்டுபவர், மருத்துவமனை வார்டில் இருக்கும் செவிலியர். மூவருமே கண் அசந்தால் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து.

ரயில் ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓட்டலாம் என்று விதி இருக்கிறது. விமானி எத்தனை மணி நேரம் பறக்கலாம், நடுவில் எவ்வளவு ஓய்வு என்று விதி இருக்கிறது. செவிலியருக்கு? மருத்துவமனைக்கு மருத்துவமனை பதில் மாறும். அரசா தனியாரா, நிரந்தரமா ஒப்பந்தமா, எத்தனை படுக்கை என்பதைப் பொறுத்தும் மாறும். ஏன் இப்படி ஆனது என்று தேடிப் போனால் நூறு வருடத்துக்கும் மேலான ஒரு கதை கிடைக்கிறது. அதில் பெரிய பகுதி நம் சென்னையிலேயே நடந்தது என்பதுதான் ஆச்சரியம்.

ஆலைக்கும் ரயிலுக்கும் வந்த கடிகாரம்

வேப்பம்பட்டு வழியாக இன்று மின்சார ரயில்கள் ஓடும் பாதை தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை. ராயபுரத்திலிருந்து ஆற்காடு நோக்கி (அப்போது அந்தப் பெயரில் இருந்த நிலையம் இன்றைய வாலாஜா ரோடு) 1856 ஜூலை 1ஆம் தேதி இந்தப் பாதை திறக்கப்பட்டது. இதே பாதையில் சென்னையை நெருங்கினால் பெரம்பூர் வரும். பக்கிங்காம் கர்நாடிக் மில், அதாவது பின்னி மில், இருந்த பகுதி.

அந்தக் காலத்து மில் வேலை எப்படி இருந்தது? 1911ல் வந்த தொழிற்சாலைச் சட்டம்தான் முதல்முறையாக நெசவாலைகளில் வயதுவந்த ஆண்களின் வேலை நேரத்துக்கு வரம்பு போட்டது. அந்த வரம்பே ஒரு நாளைக்கு 12 மணி நேரம்! 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. போன்றவர்கள் துணை நின்றார்கள். மதிய சாப்பாட்டுக்குக் கிடைத்த இடைவேளை போதவில்லை என்பது தொழிலாளர்களின் முக்கியமான குறைகளில் ஒன்று. கூலி உயர்வுக்கு இணையாகச் சாப்பிடும் நேரமும் ஓய்வு நேரமும் அங்கே கோரிக்கையாயின.

அதற்குப் பிறகு சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. 1922ல் வாரம் 60 மணி நேரம். 1934ல் 54. 1946ல் 48. சுதந்திர இந்தியாவின் 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் அந்த 48ஐயும் ஒரு நாளைக்கு 9 மணி நேரம் என்ற வரம்பையும் உறுதி செய்தது. இன்று அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் வாரம் 48 என்ற எண் மாறவில்லை.

ரயில்வேயில் 1930லேயே சட்டத் திருத்தம் மூலம் ஊழியர்களின் வேலை நேரம் வரையறுக்கப்பட்டது. ஆனால் இன்ஜின் ஓட்டுபவர்களின் பிரச்சினை சீக்கிரம் தீரவில்லை. 14 மணி நேரம், 16 மணி நேரம் என்று இன்ஜினிலேயே கிடந்தவர்கள் 1973ல் வேலை நிறுத்தம் செய்தார்கள். அந்த ஆகஸ்டில், டூட்டியில் கையெழுத்துப் போட்டதிலிருந்து இறங்கிக் கையெழுத்துப் போடும் வரை 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க மாட்டோம் என்று ரயில்வே அமைச்சர் எல்.என்.மிஸ்ரா ஒப்புக்கொண்டார். அது முழுதாக நடைமுறைக்கு வந்ததா என்பது வேறு விவாதம். ஆனால் "களைப்பு ஆபத்து" என்பதை அரசு ஒப்புக்கொண்டு ஓர் எண்ணைச் சொன்னது.

வார்டுக்கு வராத கடிகாரம்

இதே நேரத்தில் மருத்துவமனையில் என்ன நடந்தது?

சென்னை அரசு பொது மருத்துவமனை 1664ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கியது. இந்தியாவில் முறையான செவிலியர் பயிற்சி முதலில் ஆரம்பித்ததும் இங்கேதான், 1871ல். அடுத்து 1909ல் வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி வந்தது. 1946ல் அதே வேலூரில் பட்டப்படிப்பும் வந்துவிட்டது. செவிலியர் கல்வியில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் இந்தத் தொழில் வந்த வழியைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைகள், இன்னொரு பக்கம் கிறிஸ்தவ மிஷன்கள். ராணுவத்தில் மணி பார்க்க முடியாது. மிஷனில் மணி பார்ப்பது பாவம். வார்டில் இருப்பவரை நாம் இன்றும் "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தப் பெயரிலேயே அது ஒரு வேலை அல்ல, ஒரு தொண்டு என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொண்டுக்கு ஓவர்டைம் கேட்க முடியுமா?

செவிலியர்கள் மருத்துவமனை வளாகத்திலேயே குவார்ட்டர்ஸில் தங்கினார்கள். அதனால் ஒரு நாள் வேலையை இரண்டாக உடைத்துக் கொடுப்பது சுலபமாக இருந்தது. காலையில் சில மணி நேரம், நடுவில் இடைவெளி, சாயந்திரம் மறுபடியும் சில மணி நேரம். இதற்கு "ஸ்ப்ளிட் ஷிப்ட்" என்று பெயர். கணக்கில் எட்டு மணி நேரம்தான் வரும். ஆனால் காலையில் கட்டிய யூனிஃபார்மின் நினைப்பு இரவு வரை போகாது. கல்யாணமாகி வெளியே குடித்தனம் இருப்பவருக்கு இந்த முறை எப்படி ஒத்துவரும்?

இன்னொரு முரணும் இருக்கிறது. 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஆலையில் வேலை செய்யக் கூடாது என்றது. இரவு வேலை பெண்ணின் உடம்புக்கும் பாதுகாப்புக்கும் கெடுதல் என்பது அதற்குச் சொன்ன காரணம். 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம்தான் இந்தத் தடை பெண்களின் வேலை உரிமைக்கு எதிரானது என்று ரத்து செய்தது. ஆனால் அந்த 52 வருடங்களும் ஒவ்வோர் இரவும் ஆயிரக்கணக்கான பெண்கள் மருத்துவமனைகளில் நைட் டூட்டி பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நூல் நூற்கும் பெண்ணுக்குக் கெடுதலான இரவு, ஊசி போடும் பெண்ணுக்கு மட்டும் கெடுதல் இல்லையா என்று அந்தச் சட்டம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

கமிட்டி மேல் கமிட்டி

செவிலியரின் நிலைமை யாருக்கும் தெரியாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. 1943ல் அமைக்கப்பட்ட போர் கமிட்டி 1946ல் அறிக்கை கொடுத்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ.லட்சுமணசாமி முதலியாரும் அதில் உறுப்பினர். அந்த அறிக்கையின்படி அப்போதைய இந்தியாவில் மொத்தம் இருந்த செவிலியர்கள் ஏறத்தாழ 7,000 பேர். அதாவது 43,000 மக்களுக்கு ஒருவர்! இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எட்டு மணி நேர வேலையைப் பற்றிப் பேசவே முடியாது. பயிற்சிக்கு வந்த மாணவிகளை வைத்துத்தான் பல வார்டுகள் ஓடின.

1954ல் செவிலியர்களின் பணி நிலைமையையும் சம்பளத்தையும் ஆராய ஒரு குழு வந்தது. அதன் தலைவர் அன்றைய சென்னை மாநில சுகாதார அமைச்சர் ஏ.பி.ஷெட்டி.

மூன்றாவதாக வந்ததுதான் முக்கியமானது. 1987ல் மத்திய அரசு செவிலியர் பணிக்காக ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. அதற்குத் தலைமை வகித்தவர் சரோஜினி வரதப்பன். சென்னையின் புகழ்பெற்ற சமூக சேவகி. தமிழக முதல்வராக இருந்த எம்.பக்தவத்சலத்தின் மகள். பக்தவத்சலம் பிறந்த ஊர் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் உள்ள நசரத்பேட்டை. அப்படிப் பார்த்தால் செவிலியரின் ஓய்வுக்காக டெல்லியில் ஒலித்த குரலுக்கு நம் மேற்குப் புறநகரில் ஒரு வேர் இருக்கிறது.

1989ல் வந்த அந்த அறிக்கையின் சில பரிந்துரைகள்:

1. செவிலியரின் வேலை நேரம் வாரத்துக்கு 40 மணியாகக் குறைக்கப்பட வேண்டும்.
2. ஸ்ப்ளிட் ஷிப்ட் போய், எல்லா மாநிலங்களிலும் தொடர்ச்சியான ஷிப்ட் முறை வர வேண்டும்.
3. கூடுதலாக வேலை பார்த்தால் அதற்கு ஈடாக விடுப்போ பணமோ தர வேண்டும்.
4. வாரம் ஒரு நாள் ஓய்வும் அரசு விடுமுறைகளும் கிடைக்க வேண்டும்.
5. மருத்துவமனைக்கு அருகில் குடியிருப்பு வேண்டும். அகால நேரத்தில் வந்துபோகப் போக்குவரத்து வசதி செய்து தர வேண்டும்.
6. துணி, மருந்து, கிருமி நீக்கிய பொருட்கள் ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவுகள் வேண்டும். உடைந்த, தொலைந்த சாமான்களுக்குச் செவிலியரைப் பொறுப்பாக்கக் கூடாது.

ஆறாவதைச் சிலர் சின்ன விஷயம் என்று நினைக்கலாம். ஆனால் தெர்மாமீட்டர் உடைந்தால் யார் காசு கட்டுவது, பெட்ஷீட் எண்ணிக்கை குறைந்தால் யார் பதில் சொல்வது என்ற கவலையோடு இரவு முழுக்க விழித்திருப்பவரின் களைப்பு மணிக்கணக்கில் அடங்காது. அந்தக் குழு அதைப் புரிந்துகொண்டிருந்தது.

உலக அளவில் பார்த்தால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977லேயே செவிலியருக்கென்று ஓர் உடன்படிக்கையும் பரிந்துரையும் கொண்டுவந்துவிட்டது. நாளுக்கு எட்டு மணி நேரம், ஓவர்டைம் சேர்த்தாலும் 12க்கு மேல் போகக் கூடாது, இரண்டு ஷிப்டுக்கு நடுவே 12 மணி நேர ஓய்வு என்கிறது அந்தப் பரிந்துரை. அந்த உடன்படிக்கையை இந்தியா ஏற்றுக் கையெழுத்திடவில்லை.

உடம்பு போடும் கணக்கு

சரி, களைப்பு என்பது மனசு சம்பந்தப்பட்டதா? "மனசு இருந்தால் பார்க்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறதா? ஆராய்ச்சிகள் சொல்வது வேறு.

1997ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாசன், ரீட் என்ற இருவர் "நேச்சர்" இதழில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் ஏறத்தாழ 0.10 சதவீத அளவு. இந்தியாவில் வண்டி ஓட்டுவதற்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.03 சதவீதம்தான் (100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்). அதாவது 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிலை, டிராபிக் போலீஸிடம் மாட்டக்கூடிய நிலை!

இதை வேப்பம்பட்டில் குடியிருந்து சென்னையில் வேலை பார்க்கும் ஒரு செவிலியரின் நாளோடு பொருத்திப் பார்க்கலாம். இரவு 7 மணி டூட்டி. பகலில் எவ்வளவு முயன்றாலும் மதியம் 12 மணிக்கு மேல் தூக்கம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் சமையல், ஸ்கூலிலிருந்து வரும் பிள்ளை, பக்கத்துத் தெருவின் மைக் செட். ஐந்தரைக்குள் ரயில் ஏற வேண்டும். விடியற்காலை 5 மணிக்கு 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. உடம்பின் உள்கடிகாரமும் மிகவும் தாழ்ந்து கிடக்கிற நேரம் 3லிருந்து 5 மணி வரை. வார்டில் அப்போது என்ன வேலை? ரத்த மாதிரி எடுப்பது, ஜுரம் பார்ப்பது, காலை ஊசி மருந்துகள் போடுவது, ஆபரேஷனுக்குப் போகிற நோயாளியைத் தயார் செய்வது. மிகக் கவனம் தேவைப்படும் வேலைகள் மிகக் கவனம் குறைந்த நேரத்தில் வந்து விழுகின்றன. 7 மணிக்கு ஷிப்ட் முடிந்து, அடுத்தவரிடம் ஒப்படைத்து, ரயில் பிடித்து வீடு சேரும்போது 9 மணி. 21 மணி நேரம்.

2004ல் அமெரிக்காவில் ரோஜர்ஸ் என்பவர் தலைமையில் 393 செவிலியர்கள் எழுதிய டைரிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்கு ஆகிறது என்று தெரிந்தது. அதே 2004ல் பயிற்சி டாக்டர்களை வைத்து நடந்த இன்னோர் ஆய்வில், 24 மணி நேரமும் அதற்கு மேலும் நீளும் பழைய ஷிப்ட் முறையில் கடுமையான தவறுகள் 36 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது.

அடுத்த விஷயம் செவிலியரின் சொந்த உடம்பு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007ல் இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2019ல் மறுபடி ஆராய்ந்து அதை உறுதி செய்தது. ஆக நைட் டூட்டியால் பாதிக்கப்படுவது நோயாளி மட்டும் அல்ல.

ஒரு செவிலியர் தவறான மருந்தைக் கொடுத்துவிட்டால் அடுத்த நாள் மெமோ வரும். "கவனக் குறைவு" என்று எழுதுவார்கள். அவர் அந்த வாரம் எத்தனை இரவு பார்த்தார், வார்டில் எத்தனை பேர் இருக்க வேண்டிய இடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அந்தக் காகிதத்தில் எழுதக் கட்டமே கிடையாது.

ஆள் கணக்கு

இப்போது ஒரு சாதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம். ஒரு வார்டில் எந்த நேரமும் 3 செவிலியர் இருக்க வேண்டும் என்றால் 3 x 168 = 504 மணி நேர வேலை. ஒருவருக்கு வாரம் 48 மணி நேரம் என்றால் 504 / 48 = 10.5 பேர் வேண்டும். யாரும் லீவு எடுக்காவிட்டால் மட்டும்! இந்திய நர்சிங் கவுன்சில் சொல்வதுபோல லீவுக்காக 30 சதவீதம் சேர்த்தால் 13.65, அதாவது 14 பேர். சரோஜினி வரதப்பன் குழு சொன்ன 40 மணி நேரம் என்றால் 16.38, அதாவது 17 பேர்.

அந்த வார்டில் பட்டியலில் இருப்பவர்கள் 9 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு வாரம் 56 மணி நேரம். ஒருவர் மகப்பேறு விடுப்பில் போகிறார். (தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் இது 12 மாதம்.) பதிலுக்கு ஆள் வரவில்லை. மிச்சம் 8 பேர், ஆளுக்கு 63 மணி நேரம். இன்னொருவர் ஜுரத்தில் படுத்தால் 72. இங்கே யாரும் யாரையும் கொடுமைப்படுத்தவில்லை. டூட்டி சார்ட் போடும் ஹெட் நர்ஸ் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் கையில் இருப்பது 9 பெயர்கள்தான். அந்த 9ஐ வைத்து எப்படி மாற்றி மாற்றி எழுதினாலும் 14 ஆகாது.

களைப்புப் பிரச்சினையின் மையம் இதுதான். மணி நேரத்தைக் குறைக்கச் சொன்ன குழுக்களும் நீதிமன்றங்களும் பல. ஆனால் மணி நேரம் குறைய வேண்டுமானால் ஆள் கூட வேண்டும். ஆள் கூட வேண்டுமானால் பணியிடம் உருவாக்க வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். உத்தரவு அந்த இடத்தில் வந்து நின்றுவிடும்.

டாக்டர்கள் விஷயத்திலும் இதே கதைதான். பட்ட மேற்படிப்பு டாக்டர்களுக்கான மத்திய அரசின் திட்டம் 1992லேயே தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் டூட்டி கூடாது, வாரம் 48 மணி நேரம் என்றது. 32 வருடம் கழித்து, 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் ஒரு பயிற்சி டாக்டர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். 36 மணி நேர டூட்டிக்கு நடுவில், படுக்க வேறு இடம் இல்லாமல், கருத்தரங்க அறையில் ஓய்வெடுக்கப் போனவர் அவர். உச்ச நீதிமன்றம் அந்த நீண்ட டூட்டியைப் பற்றியே தனியாகக் கவலை தெரிவித்தது. அதே வருடம் மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றிய தேசியப் பணிக்குழு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 48 என்று 1992ல் எழுதிய எண், 2024ல் 74 ஆகி, அதுவே ஒரு முன்னேற்றமாகத் தெரிகிறது!

2000க்குப் பிறகு

2011லும் 2012லும் இந்தியாவின் பல நகரங்களில் தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் தெருவுக்கு வந்தார்கள். கேரளாவில் பெரிய அலையாக எழுந்தது. 2012 மார்ச்சில் சென்னையின் சில பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் போராட்டம் நடந்தது. சம்பளம், பாண்டு என்ற பெயரில் பிடித்து வைக்கப்பட்ட சான்றிதழ்கள், வேலைப் பளு ஆகியவை கோரிக்கைகள். கேரள அரசு பலராமன் கமிட்டியை அமைத்தது. பிறகு 2021ல் 100 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனைகளில் பகலில் இரண்டு ஆறு மணி நேர ஷிப்டும் இரவில் ஒரு 12 மணி நேர ஷிப்டும் என்ற முறைக்கு உத்தரவு போட்டது. இரவு மட்டும் அங்கேயும் 12தான்.

2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் செவிலியர் நிலைமையை ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம், எவ்வளவு சின்ன மருத்துவமனை என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, வேலை நேரமும் விடுப்பும் போக்குவரத்தும் அரசில் உள்ளபடியே என்று அந்தக் குழு சொன்னது. நிறைவேற்றும் பொறுப்பு மாநிலங்களிடம் போனது.

தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரச்சினை வேறு உருவத்தில் வந்தது. 2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டார்கள். நிரந்தரம் கேட்டு 2017 நவம்பர் கடைசியில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் இரவும் பகலும் உட்கார்ந்தது செய்தியானது. கொரோனாவுக்காக எடுக்கப்பட்ட 2,400க்கும் மேற்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிக்கப்பட்டது. இதற்கும் களைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. வேலை எப்போது போகும் என்று தெரியாதவர் "இன்று என்னால் முடியவில்லை" என்று சொல்ல மாட்டார். டபுள் டூட்டி போட்டாலும் தலையாட்டுவார்.

மருத்துவமனைகள் மட்டும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. 2022 ஜனவரி 12ஆம் தேதி தமிழகத்தில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. திருவள்ளூரும் அதில் ஒன்று. வேப்பம்பட்டிலிருந்து சில ஸ்டேஷன் தூரம்தான். இந்தப் பக்கத்து மக்களுக்கு அது பெரிய வரம், சந்தேகமில்லை. ஆனால் கட்டடத்தோடு பணியிடங்களும் கூடினால்தான் வரம் முழுமையாகும்.

என்ன செய்யலாம்?

ஆள் சேர்ப்பதற்கு ஈடான மருந்து வேறு கிடையாது. ஆனால் ஆள் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதும் இல்லை. விமானத் துறை இதில் முன்னே போய்விட்டது. 2010 மே 22ஆம் தேதி மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் விபத்துக்குள்ளாகி 158 பேர் இறந்தார்கள். பயணத்தின் பெரும்பகுதி நேரம் கேப்டன் தூங்கினார் என்பதும், தூக்கம் முழுதாகக் கலையாத நிலையில் எடுத்த முடிவுகள் விபத்துக்குக் காரணம் என்பதும் விசாரணையில் வந்தன. அதன் பிறகு "தூங்கியது யார் குற்றம்" என்பதோடு "களைப்பை எப்படி முன்கூட்டியே கணக்கில் எடுப்பது" என்ற பேச்சும் வலுத்தது.

ஆனால் விமானத் துறையும் ஆள் கணக்கில் மாட்டிக்கொண்டது. 2025ல் விமானிகளின் வார ஓய்வை 36லிருந்து 48 மணி நேரமாக்கும் விதி வந்தபோது, அதற்கேற்ப ஆள் தயாராக இல்லாத இண்டிகோ டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. விதியைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டியதாயிற்று. விதி முதலில் வந்து ஆள் பின்னால் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

மருத்துவமனைக்குள் உடனே செய்யக் கூடியவை சில உண்டு:

- ஷிப்டை காலை, மாலை, இரவு என்ற வரிசையில் முன்னோக்கிச் சுழற்றுவது. உடம்பு அதற்குச் சுலபமாகப் பழகும். இரவு முடித்தவரை அன்று மாலையே திரும்ப அழைப்பது மிக மோசம்.
- தொடர்ந்து வரும் நைட் டூட்டிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைப்பது, முடிந்ததும் முழு ஓய்வு தருவது.
- இரவில் முறை வைத்து இருபது முப்பது நிமிடம் படுக்க அனுமதிப்பது. ஒளிந்து தூங்குவதைவிடச் சொல்லிவிட்டுத் தூங்குவது எல்லோருக்கும் பாதுகாப்பு. அதற்குப் பூட்டக் கூடிய ஓர் அறை வேண்டும்.
- இன்சுலின், ஹெபரின், பொட்டாசியம் போன்ற ஆபத்தான மருந்துகளை இரவில் இருவர் சரிபார்த்துக் கொடுப்பது. அவசரமில்லாத வேலைகளை 3லிருந்து 5 மணி வரை வைக்காமல் தள்ளிப்போடுவது.
- தவறையோ, தவற இருந்ததையோ சொன்னவருக்கு மெமோ கொடுக்காமல், அன்றைய டூட்டி சார்ட்டையும் சேர்த்துப் பார்ப்பது.
- இரவு முடிந்து போகிறவரை டூ வீலர் ஓட்ட விடாமல் வண்டி ஏற்பாடு செய்வது. 1989லேயே சொன்னதுதான்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

ஆக, இந்தக் கதையிலிருந்து தெரிவது இது. மில் தொழிலாளி சோம்பேறி என்பதால் எட்டு மணி நேரம் கேட்கவில்லை. இன்ஜின் டிரைவர் பயந்தவர் என்பதால் பத்து மணி நேரம் கேட்கவில்லை. செவிலியர் கேட்பதும் அப்படியே. அவர்களுடைய பொறுமையையும் தியாகத்தையும் புகழ்ந்து மே 12ஆம் தேதி செவிலியர் தினத்தில் பூங்கொத்து கொடுக்கிறோம். கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் நம் வீட்டில் ஒருவர் வார்டில் படுத்திருக்கும் இரவில் நமக்கு வேண்டியது தியாகி அல்ல, போதுமான அளவு தூங்கி எழுந்து வந்த ஒரு செவிலியர். அந்த வார்டுக்கு எத்தனை பேர் வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற இரண்டு எண்களையும் மருத்துவமனை வாசலில் எழுதிப் போட்டால்கூட பாதிப் பிரச்சினை வெளிச்சத்துக்கு வந்துவிடும்.